ஆலை மூடி முப்பது ஆண்டு ஆன பிறகும் டால்பின் உடம்பில் பிசிபி எப்படி?

கேள்வி இதுதான்: "கரையோரம் வாழும் டால்பின்களை ரசாயனக் கழிவு அழிக்கிறது என்கிறார்கள். பிசிபி, டிடிடி எல்லாம் எப்போதோ தடை செய்யப்பட்டவை அல்லவா? இன்னும் பாதிப்பு தொடர்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறதா? நம் கடலில் என்ன நிலை?" (பிசிபி என்பது ஆலைகளிலும் மின்கருவிகளிலும் பயன்பட்ட, குளோரின் கலந்த செயற்கை ரசாயனம். டிடிடி ஒரு பூச்சிக்கொல்லி.)

ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது பலர் எதிர்பார்க்கும் வடிவில் இருக்காது. ஆலைக் கழிவு கலந்த நீரில் டால்பின்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும் காட்சி அபூர்வம். பெரும்பாலும் நடப்பது மெதுவான சீரழிவு. ரத்தசோகை வருகிறது. தைராய்டு சுரப்பு குறைகிறது. நோயை எதிர்க்கும் சக்தி தளர்கிறது. தலைச்சன் குட்டி பிழைப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் டால்பின் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருக்கும். இருபது முப்பது ஆண்டு கழித்துக் கணக்கெடுக்கும்போதுதான் கூட்டம் சிறுத்திருப்பது தெரியும்.

முதலில், ஏன் கரையோர டால்பின் என்று தனியாகப் பேசுகிறோம்? ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலையும் டால்பின்களும் உண்டு. கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் வாழும் பாட்டில்மூக்கு டால்பின்கள் அப்படியல்ல. பிறந்த விரிகுடாவிலேயே வளர்ந்து, அங்கேயே குட்டி போட்டு, அங்கேயே சாகின்றன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா விரிகுடாவில் 1970-ல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. ராண்டி வெல்ஸ் தலைமையிலான அந்தக் குழு, முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் வடுக்களையும் வைத்து ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் காண்கிறது. எது யாருடைய மகள், எது யாருடைய பேத்தி என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். இப்படி ஓரிடத்தில் ஊன்றி வாழும் விலங்கு நாற்பது ஐம்பது ஆண்டு அந்த நீரின் மீனையே தின்கிறது. அந்த நீரிலும் அடிச்சேற்றிலும் என்ன கலந்தாலும் அதன் உடம்பில் பதிவாகிவிடுகிறது.

இதை விளக்க எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் பிரன்ஸ்விக் நகரம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் "தடை செய்துவிட்டார்களே" என்ற கேள்விக்கு விடை அந்த ஊரில்தான் இருக்கிறது.

பிரன்ஸ்விக் நகரை ஒட்டிய சதுப்பு நிலத்தில் 1950-களின் நடுவில் ஒரு குளோரின் ஆலை வந்தது. உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் பிரிப்பது அதன் வேலை. அந்தக் காலத்து முறையில் ஒரு மின்முனை பாதரசம், மற்றொன்று கிராஃபைட். கிராஃபைட் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதன் ஆயுளைக் கூட்ட, அரோக்ளோர் 1268 என்ற பிசிபி கலவையை அதில் ஊறவைத்துப் பயன்படுத்தினார்கள். பிசிபி என்பது ஒரே பொருள் அல்ல. குளோரின் அணுக்கள் ஒட்டியிருக்கும் எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுத்து 209 வகை உண்டு. 1268 என்ற எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், அந்தக் கலவையின் எடையில் 68 சதவீதம் குளோரின் என்பதைக் காட்டுகிறது. குளோரின் கூடக்கூட அது சிதைவது கடினம். உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே இந்தக் கலவை பெருமளவில் பயன்பட்டது. அதனால் எங்கோ ஒரு மீனில் 1268 வகைப் பிசிபி கிடைத்தால், அது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று கிட்டத்தட்ட கைரேகை போலச் சொல்லிவிடலாம்.

ஆலை கைமாறி, 1979-க்குப் பிறகு எல்சிபி கெமிக்கல்ஸ் என்ற பெயரில் ஓடி, 1994-ல் மூடப்பட்டது. பாதரசமும் பிசிபியும் அதற்குள் அருகிலிருந்த பர்விஸ் ஓடையின் சேற்றில் இறங்கி, அங்கிருந்து டர்டில் ஆறு வழியாகப் பரவியிருந்தன. 1996-ல் அமெரிக்க அரசு அந்த இடத்தைச் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்த இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 1999-ல் ஆலையின் முன்னாள் நிர்வாகிகள் மூவரைச் சுற்றுச்சூழல் குற்றங்களுக்காக நடுவர் குழு குற்றவாளிகள் என்றது. ரசாயனக் கழிவு வழக்கில் நிர்வாகிகளே தண்டனைக்கு உள்ளாவது எளிதில் நடப்பதில்லை. அந்த அளவுக்கு அங்கே ஆதாரம் குவிந்து கிடந்தது.

அடுத்து டால்பின்கள். 2009 ஆகஸ்டில் ஆய்வாளர்களும் கால்நடை மருத்துவர்களும் அந்தக் கடற்கரையில் 29 பாட்டில்மூக்கு டால்பின்களை வலைபோட்டுப் பிடித்தனர். ரத்தம் எடுத்து, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் சிறு துண்டு வெட்டி எடுத்து, திரும்ப விட்டுவிட்டார்கள். லோரி ஷ்வாக்கே தலைமையில் 2012-ல் வெளியான அந்த முடிவுகள் இந்தத் துறையில் இருப்பவர்களை உலுக்கின. அதிகபட்ச அளவு ஒரு கிலோ கொழுப்புக்கு 2,900 மில்லிகிராம் பிசிபி. கிட்டத்தட்ட மூன்று கிராம். கடல் பாலூட்டிகளின் உடலியக்கம் பாதிக்கப்படத் தொடங்கும் வரம்பாக ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

என்னைப் பொறுத்தவரை அந்த எண்ணைவிட முக்கியமானது ரத்தப் பரிசோதனை காட்டியது. பிடித்தவற்றில் 26 சதவீதத்துக்கு ரத்தசோகை. கொழுப்பில் பிசிபி கூடக்கூட ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் இறங்கிக்கொண்டே போனது. நோயெதிர்ப்புச் செல்களின் செயல்பாடும் அதேபோல இறங்கியது. இதற்கு முன், ஆய்வகத்தில் குரங்குகளுக்குப் பிசிபி கொடுத்துச் செய்த பரிசோதனைகளில் இதே ரத்தசோகை பதிவாகியிருந்தது. அதாவது, கூண்டில் ஒரு விலங்குக்கு வேண்டுமென்றே கொடுத்தபோது வந்த நோய், கடலில் ஒருவரும் கொடுக்காமலே இன்னொரு விலங்குக்கு வந்திருந்தது. "தொடர்பு இருக்கிறது, ஆனால் அதுதான் காரணமா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான விடையை இயற்கையில் வாழும் விலங்கிடமிருந்து பெறுவது கடினம்.

இன்னொன்றும் உண்டு. அதிக அளவு கிடைத்தது ஆலைக்குப் பக்கத்தில் மட்டுமல்ல. வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சப்பலோ தீவு ஒரு பாதுகாக்கப்பட்ட கழிமுகப் பகுதி. ஆலை கிடையாது, நகரமும் கிடையாது. ஆனால் அங்குள்ள டால்பின்களிலும் அதே 1268-ன் தடம். டால்பின்கள் பிரன்ஸ்விக்குக்குப் போய்வந்தனவா என்று புகைப்பட அடையாளத்தாலும் ரேடியோக் கருவியாலும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை தங்கள் எல்லையை விட்டு நகரவில்லை. அப்படியானால் நஞ்சைச் சுமந்து வந்தது இரைமீன்களாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தீவில் ஹாக் ஹம்மக் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மீன்பிடித்து வாழ்கிறார்கள். டால்பின் முடிவுகளைப் பார்த்த பிறகு அவர்களில் சிலரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதே வகைப் பிசிபி அவர்கள் ரத்தத்திலும் இருந்தது. அந்தத் தீவு மக்களின் சோற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதை முதலில் தெரியப்படுத்தியது டால்பின்தான்.

தடை ஏன் போதவில்லை என்பது இப்போது புரியும். அமெரிக்காவில் பிசிபி உற்பத்தி 1979-ல் தடை செய்யப்பட்டது. ஆலை 1994-ல் மூடியது. டால்பின்களைச் சோதித்தது 2009-ல். பிசிபி நீரில் கரைவது மிகக் குறைவு. அதனால் அது அடித்துக்கொண்டு போகாமல் களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் தங்கிவிடுகிறது. சேற்றுப் புழு அதைத் தின்கிறது, புழுவை இறால், இறாலைச் சிறு மீன், அதைப் பெரிய மீன், கடைசியில் டால்பின். ஒவ்வொரு படியிலும் செறிவு பெருகுகிறது. தடைச்சட்டம் புதிதாகக் கொட்டுவதை நிறுத்தும். கிடக்கும் சேற்றை அது ஒன்றும் செய்யாது. சேற்றைத் தோண்டி அகற்ற வேண்டும், அல்லது சுத்தமான மணலால் மூட வேண்டும். பிரன்ஸ்விக்கில் சதுப்பு நிலத்துக்கான திட்டம் முடிவானதே 2015-ல். அதுவும் நூற்றுக்கணக்கான ஏக்கர் சதுப்பில் சுமார் 24 ஏக்கருக்கு மட்டும். இது போதாது என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். என் கருத்தும் அதுதான்.

இனி தாய்-குட்டி விஷயத்துக்கு வருகிறேன். மனசைப் பிசையும் பகுதி இது. முடிந்தவரை விவரங்களோடு மட்டும் சொல்கிறேன்.

ஆண் டால்பினின் கொழுப்பு ஓர் உண்டியல் மாதிரி: உள்ளே போட வழி உண்டு, எடுக்க வழியில்லை. வயது ஏற ஏற அதில் பிசிபியும் டிடிடியும் ஏறிக்கொண்டே போகும். பெண்ணுக்கும் பருவம் வரும்வரை இதே கதைதான். ஆனால் முதல் பிரசவத்துக்குப் பிறகு பெண்ணின் உடம்பில் அளவு சட்டென்று சரிகிறது. அவ்வளவும் எங்கே போகிறது? பாலில் போகிறது. டால்பின் பால் பசும்பால் போல நீர்த்தது அல்ல. அதில் கொழுப்பு மட்டும் பத்து முதல் முப்பது சதவீதம்வரை இருக்கும். தாய் தன் சொந்தக் கொழுப்பைக் கரைத்துத்தான் அதைச் சுரக்கிறாள். கொழுப்பில் தங்கியிருந்த நஞ்சும் கூடவே இறங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் நட்டால் கடற்கரையில் சுறா வலைகளில் சிக்கி இறந்த பாட்டில்மூக்கு டால்பின்களை ஆராய்ந்தவர்கள் 1989-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தாயின் சுமையில் சுமார் 80 சதவீதம் தலைச்சன் குட்டிக்குப் போய்ச் சேருகிறது. அதுவும் பிறந்த முதல் ஏழு வாரங்களுக்குள். தாய் எட்டுப் பத்து ஆண்டு சேர்த்ததை, மூளையும் நோயெதிர்ப்பும் உருவாகிக்கொண்டிருக்கும் பிஞ்சு உடம்பு இரண்டு மாதத்துக்குள் வாங்கிக்கொள்கிறது. அடுத்த குட்டிகளுக்கு மிஞ்சுவது குறைவு. சரசோட்டா பதிவேடுகளில் தலைச்சன் குட்டிகள் அதிகம் சாவது தெளிவாகத் தெரிகிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. முதல்முறை தாய்க்கு அனுபவம் போதாது, அதனாலும் குட்டி சாகலாம் அல்லவா? சாகலாம். இரண்டு காரணமும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றுதான் சொல்ல முடியும். ஆனால் பிசிபி தின்ற மிங்க் என்ற கீரி போன்ற விலங்கின் குட்டிகள் சாவதை ஆய்வகத்தில் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை டால்பின்களின் உடலில் கண்ட அளவோடு பொருத்திப் பார்க்கும்போது, அனுபவக் குறைவு என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடிவதில்லை.

தாய்க்கே குட்டி பிறக்காமல் போனால்? 2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலு என்ற ஓர்க்கா, மீன்பிடிக் கயிற்றில் சிக்கி இறந்து ஒதுங்கியது. ஓர்க்காவைத் திமிங்கலம் என்று அழைத்தாலும் அது டால்பின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினர். குறைந்தது இருபது வயது. கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி. சினைப்பையைப் பார்த்தபோது அது ஒருமுறைகூடக் குட்டி ஈன்றதில்லை என்பது தெரிந்தது. அது சேர்ந்த கூட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒரு குட்டியைக்கூட யாரும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டம் இப்போது இரண்டு கிழட்டு ஆண்களாகச் சுருங்கிவிட்டது. அதே ஆண்டு பால் ஜெப்சன் குழு ஐரோப்பியக் கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் மாதிரிகளை வைத்து வெளியிட்ட கட்டுரையில், ஓர்க்கா, பாட்டில்மூக்கு டால்பின், வரி டால்பின் மூன்றிலும் பிசிபி ஆபத்தான அளவில் இருப்பதாகக் காட்டியது. ஐரோப்பாவில் தடை வந்து முப்பது ஆண்டு ஆகியிருந்த நேரம் அது.

நோயெதிர்ப்பு தளர்வதால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியதரைக் கடல் சாட்சி. 1990-ல் ஸ்பெயின் கரையில் தொடங்கி 1992-க்குள் துருக்கிவரை வரி டால்பின்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. கொன்றது மோர்பிலி என்ற வைரஸ், மனிதருக்குத் தட்டம்மை தரும் வைரஸின் உறவு. ஆனால் இறந்தவற்றின் கொழுப்பில் இருந்த பிசிபி, பிழைத்து நீந்தியவற்றில் இருந்ததைவிடக் கணிசமாக அதிகம். இறப்புச் சான்றிதழ் எழுத வேண்டுமென்றால் வைரஸ் என்றுதான் எழுதுவோம். ரசாயனத்தின் பெயர் அதில் வராது. ரசாயன மாசைப் பற்றிப் பேசுவதில் உள்ள பெரிய சிரமம் இதுதான்.

மனிதரும் மற்ற விலங்குகளும் ஓரளவு சிதைத்து வெளியேற்றும் பொருள்களை டால்பின் ஏன் வெளியேற்ற முடியவில்லை? அதன் ஈரலில் அதற்கான நொதிகளில் சில மிகவும் பலவீனம். சில அறவே இல்லை. 2018-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு என்னை வெகுவாகக் கவலைப்பட வைத்தது. நம் உடம்பில் பாராக்ஸனேஸ்-1 என்ற நொதி இருக்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் உடம்புக்குள் மாறி உருவாகும் கொடிய வடிவத்தைச் சிதைக்கும் வேலையை அது செய்கிறது. டால்பினிலும் திமிங்கலத்திலும் அந்த மரபணு பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது. கடலுக்குள் போன வேறு பாலூட்டிகளிலும் தனித்தனியே இதே இழப்பு நடந்திருக்கிறது, கடற்பசு குடும்பம் உட்பட. பூச்சிக்கொல்லி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அந்த இழப்பால் ஒரு கேடும் இல்லை. இன்று வயலில் தெளிப்பது வாய்க்காலில் இறங்கி, கழிமுகத்துக்கு வருகிறது. அங்கே அதைச் சிதைக்கும் வழியே இல்லாத ஒரு விலங்கு இரை தேடுகிறது. "சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் டிடிடியைவிடப் பாதுகாப்பானது" என்று சொல்லித்தான் இந்தப் பூச்சிக்கொல்லிகளை விற்றார்கள். டால்பினின் உடம்புக்கு அந்த உறுதிமொழி பொருந்தாது.

பாதரசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் டால்பினுக்கு ஒரு தற்காப்பு உண்டு. ஈரலில் பாதரசத்தைச் செலீனியத்தோடு பிணைத்து, தீங்கு குறைந்த நுண்படிகமாக்கி வைத்துக்கொள்கிறது. அதனால் வயதான டால்பினின் ஈரலில் பாதரச அளவு மிரட்டும்படி இருந்தாலும், அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. செய்திகளில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. குட்டிகளுக்கு அந்தத் தற்காப்பு முழுதாக வளர்ந்திருக்காது என்பதே உண்மையான கவலை.

புதிய பொருள்களின் வரிசை நீளமானது. ஒட்டாத சட்டி, நீர் புகாத துணி, தீயணைப்பு நுரை இவற்றில் இருக்கும் புளோரின் சேர்மங்கள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் டால்பின்களின் ரத்தத்தில் கிடைத்தன. அவை கொழுப்பில் அல்ல, ரத்தப் புரதத்தில் ஒட்டுபவை. பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்படும் தாலேட்டுகளின் மிச்சம், சரசோட்டா விரிகுடாவில் சோதித்த டால்பின்களில் பெரும்பாலானவற்றின் சிறுநீரில் இருந்ததை 2018-ல் வெளியிட்டார்கள். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில் டால்பின் வெளிவிடும் மூச்சிலேயே நுண்பிளாஸ்டிக் துகள்கள் கிடைத்தன. இவை என்ன தீங்கு செய்கின்றன என்பதற்கான சான்று பிசிபி அளவுக்கு இன்னும் கனியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் "நஞ்சு" என்று அடுக்குவதை நான் தவிர்ப்பது அதனால்தான்.

எண்ணெய்க் கசிவு வேறு வகை. மெதுவானதல்ல, ஆனால் விட்டுச்செல்லும் சேதம் நீண்டது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பணமேடை வெடித்து, 87 நாள் எண்ணெய் கொட்டியது. லூசியானாவின் பராட்டாரியா விரிகுடா மோசமாகப் பாதிக்கப்பட்டது. டால்பின் நீரின் மேற்பரப்பில்தான் மூச்சிழுக்கிறது, எண்ணெய் ஆவி படர்ந்திருப்பதும் அங்கேதான். மறு ஆண்டு சோதித்தபோது, அங்குள்ள டால்பின்களுக்கு நடுத்தர அல்லது கடுமையான நுரையீரல் நோய் இருக்கும் வாய்ப்பு சரசோட்டாவைவிட ஐந்து மடங்கு. அட்ரினல் சுரப்பியும் பழுதாகியிருந்தது. கருவுற்றிருந்த பத்துப் பெண் டால்பின்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிழைத்த குட்டி போட்டவை இரண்டு. சரசோட்டாவில் இந்த விகிதம் 83 சதவீதம். பத்து என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இந்த இடைவெளியை எதேச்சை என்று தள்ளிவிட முடியாது.

இனி நம் கரை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் ஷின்சுகே தனபேயின் குழுவும் சேர்ந்து, மீன்வலையில் தற்செயலாகச் சிக்கி இறந்த வங்கக்கடல் டால்பின்களின் கொழுப்பை ஆராய்ந்தார்கள். முடிவு 1993-ல் வெளிவந்தது. மேற்கு நாடுகளின் டால்பின்களில் பெரும்பாலும் முதலிடம் பிசிபிக்கு. நம் கடலிலோ முதலிடம் டிடிடிக்கு. பிசிபி அதற்கு அடுத்து, எச்சிஎச் எனப்படும் பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி அதற்கும் பின்னால். காரணம் நம் வரலாறு. இந்தியாவில் பிசிபி தயாரிக்கப்பட்டதே இல்லை. டிரான்ஸ்பார்மர் எண்ணெயாக இறக்குமதியானதுதான் பெரும்பகுதி. டிடிடியும் பிஎச்சியும் வயலில் டன் டன்னாகக் கொட்டப்பட்டன. டிடிடியை விவசாயத்தில் பயன்படுத்துவது 1989-ல் தடை செய்யப்பட்டாலும், கொசு ஒழிப்புக்காக அது பின்னரும் நீடித்தது. பிஎச்சி அவ்வளவு பயன்பட்டும் டால்பினில் ஏன் குறைவு? நம் வெயிலில் அது ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. போய் எங்கே தங்குகிறது என்றால், குளிர்ந்த துருவக் கடல்களில். தஞ்சை வயலில் தெளித்தது ஆர்க்டிக் விலங்கின் கொழுப்பில் சேரும் அளவுக்கு இந்த உலகம் சிறியது.

மொத்தத்தில், அன்று நம் டால்பின்களில் கண்ட அளவுகள் பிரன்ஸ்விக்கோடோ மத்தியதரைக் கடலோடோ ஒப்பிடும் அளவில் இல்லை. இதில் ஆறுதல் உண்டு, ஆனால் அளவாகத்தான் ஆறுதல்பட வேண்டும். கடலூர், எண்ணூர், தூத்துக்குடி என்று நம் ரசாயன ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் கழிமுகங்களை ஒட்டியே வளர்ந்தவை. கரையை ஒட்டி, ஆழம் குறைந்த கழிமுக நீரில் மட்டுமே வாழும் கூன்முதுகு டால்பின் நம் கரையிலும் உண்டு. சரசோட்டா டால்பின் போல அதுவும் இடத்தை விட்டு நகராத இனம். டால்பின்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடித்தால், கொன்றால் தண்டனை. ஆனால் அது இரை தேடும் சேற்றில் என்ன கிடக்கிறது என்று ஆண்டுதோறும் அளக்கச் சொல்லும் ஏற்பாடு நமக்கு வேண்டும். ஒவ்வொரு கழிமுகத்துக்கும் ஒரு சரசோட்டா பதிவேடு சாத்தியமில்லை என்பது புரிகிறது. தமிழகக் கரையில் ஒரே ஓர் இடத்திலாவது கூன்முதுகு டால்பின்களைத் துடுப்பு அடையாளத்தோடு இருபது ஆண்டு பின்தொடர்ந்தால் போதும், நம் சொந்தச் சான்று நம் கையில் இருக்கும். கடல் உயிரியல் படிக்கும் மாணவர் யாராவது இதைப் படித்தால், இதைத் தொடங்குங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

"அப்படியானால் நாம் மீன் சாப்பிடலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். தாராளமாகச் சாப்பிடலாம். டால்பின் தினமும் பல கிலோ மீனை மட்டுமே தின்று நாற்பது ஆண்டு வாழ்கிறது, நாம் அப்படியல்ல. மத்தி, நெத்திலி, காரப்பொடி போன்ற சிறு மீன்களில் இந்தப் பொருள்கள் மிகக் குறைவு. அவை உணவுச் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பவை, ஆயுளும் குறைவு. சுறா, மயில்மீன், பெரிய சூரை போன்றவற்றில் பாதரசம் கூடுதல். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சிறு குழந்தைகளும் அவற்றை அடிக்கடி சாப்பிடாமல் இருப்பது நல்லது. ஆலைக் கழிவு நேராக விழும் முகத்துவாரத்தில் பிடித்த மட்டி, நண்டு, மடவை மட்டும் வேண்டாம்.

கடைசியாக, கடற்கரை ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய ஒன்று. டால்பின் செத்து ஒதுங்கினால் பெரும்பாலும் அன்றே மணலில் புதைத்துவிடுகிறார்கள். நாற்றத்துக்குப் பயந்து செய்வது, தவறு சொல்ல முடியாது. ஆனால் புதைக்கும் முன் வனத்துறைக்கோ அருகிலுள்ள மீன்வளக் கல்லூரிக்கோ தகவல் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வந்து முதுகுத் துடுப்புக்கு அருகில் தோலோடு சேர்த்து ஒரு துண்டு கொழுப்பும், வயதைக் கணிக்க ஒரு பல்லும், கொஞ்சம் ஈரலும் எடுக்க அரை மணி நேரம் போதும். கொழுப்பை அலுமினியத் தாளில்தான் சுற்ற வேண்டும், பிளாஸ்டிக் பையில் நேராகப் போட்டால் அதிலுள்ள தாலேட்டே மாதிரியைக் கெடுத்துவிடும். உடல் வெயிலில் இரண்டு நாள் கிடந்துவிட்டால் கொழுப்பு உருகி அளவுகள் நம்பத்தகாதவை ஆகிவிடும். அதனால் முதலில் பார்ப்பவர் உடனே ஒரு போன் செய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். உயிரோடு ஒதுங்கியிருந்தால், வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், மூச்சுத் துளையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடுத்து, கூட்டத்தை விலக்கி வைத்துவிட்டு உதவி வரும்வரை காத்திருங்கள்.